ஏரி வாரியமும் குடிநீர் வாரியமும்

ஒரு சொல் ஆயிரம் ஆண்டு கடந்தும் வழக்கில் நிலைத்து நின்று, தான் குடியிருந்த இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுமாயின், அம்மாற்றத்தின் பின்னே ஒரு வரலாறு மறைந்திருத்தல் கூடும். 'வாரியம்' அத்தகையதொரு சொல். இன்று இச்சொல்லைக் கேட்ட அளவில் நம் நினைவுக்கு வருவன மின்சார வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், வீட்டுவசதி வாரியம் முதலியன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு மாநிலம் முழுமைக்கும் பணியாற்ற அமைந்த பேரமைப்புகள் அவை. பத்தாம் நூற்றாண்டிலோ இதே சொல், ஓர் ஊரின் ஏரியைப் பேணுதற்கு அவ்வூரார் ஓராண்டுக் காலத்திற்குத் தம்முள் தேர்ந்துகொண்ட சிலரைக் குறித்தது. ஊருக்குள் இருந்த வாரியம் தலைநகருக்குப் பெயர்ந்தபின் ஊரின் கையில் எஞ்சியிருப்பது யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் உள்ளன. அவை கூறும் குடவோலை முறையை நம் மாணவர் நன்கறிவர். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டதும், பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டதும், ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவன் அவற்றுள் ஒன்றை எடுத்ததும், ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் நடுவர் அதனை வாங்கியதும் மேடைதோறும் சொல்லப்படுவனவே. ஆயின், நம் மேடைகள் பெரும்பாலும் குடத்தோடு நின்றுவிடுகின்றன. ஓலையில் பெயர் வந்தவர் மறுநாள் முதல் என்ன செய்தார் என்னும் வினாவை எழுப்புவார் அரியர்.

அவர் செய்தது மிக எளிய வேலை. சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். பதவிக்காலம் 360 நாள். பொன்னின் தரம் பார்க்கப் பொன் வாரியம் என ஒன்றும் இருந்தது. ஏரியைத் தூர் வாருதற்கென்று விடப்பட்ட அறக்கொடைகளை ஏற்று நடத்துவது ஏரி வாரியத்தாரின் கடமை. கரை, மதகு, சேறு, கூலி என இவற்றைச் சுற்றியே அவர்தம் ஆண்டு கழிந்திருத்தல் வேண்டும்.

நம்மைப் பெரிதும் நிறுத்திச் சிந்திக்கவைப்பது அக்கல்வெட்டின் விலக்கு விதியே. வாரியம் செய்து கணக்குக் காட்டாது விட்டவர் மீண்டும் குடத்துள் ஓலை புகுதற்கு உரியரல்லர். அவர் மட்டுமோ? அவருடைய தந்தை, மகன், மாமனார், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என உறவுப் பட்டியல் நீண்டு செல்கிறது. கணக்குக் காட்டாத ஒருவரால் ஒரு சுற்றமே தகுதி இழந்தது. இவ்விதியை ஏட்டில் எழுதிப் பெட்டகத்தில் வைக்கவில்லை. வருவோர் போவோர் காணுமாறு கல்லில் வெட்டிவைத்தனர் என்பதும் கருதத்தக்கது.

இதனைக் கொண்டு அக்காலமே பொற்காலம் என்று நாம் கூற வரவில்லை. அது ஒரு சதுர்வேதிமங்கலம். கால்வேலி இறை நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே ஓலை எழுதப்பட்டது. ஏரியில் இறங்கிச் சேறு அள்ளியவர் பெயர் எக்குடத்திலும் இல்லை. இந்நாளில் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உள்ளாட்சி இடங்களுள் சரிபாதி பெண்களுக்கு உரியதாயிற்று. இவ்வகையில் இன்றைய உத்திரமேரூர், அதுவும் இப்போது ஒரு பேரூராட்சியே, பழைய உத்திரமேரூரை விட நெடுந்தொலைவு முன்னே நிற்கிறது.

இடைப்பட்ட நூற்றாண்டுகளின் சுவடு அலுவலகத் தமிழில் படிந்துள்ளது. வசூல், பாக்கி, ரசீது, தாக்கீது, ஜப்தி, நகல் ஆகியன அரபு, பாரசீக வழியில் வந்து நம் பாட்டிமார் நாவிலும் இயல்பாய்ப் புரண்ட சொற்கள். ஏரியும் கால்வாயும் ஊர்கூடிச் செப்பனிடும் வழக்கத்திற்குக் 'குடிமராமத்து' என்று பெயர். இதில் குடி தமிழ், மராமத்து அரபு. இரண்டும் எவ்வளவு இணக்கமாகக் கலந்துள்ளன என்பதை மொழிநூல் மாணவர் கண்டு மகிழலாம். பின்னர் ஆங்கிலேயர் 1865, 1871, 1884ஆம் ஆண்டுகளில் இயற்றிய சென்னை மாகாணச் சட்டங்களால் முனிசிபாலிட்டியும் பில் கலெக்டரும் வந்தனர். இன்று பெயர்ப் பலகை 'வரித் தண்டலர்' என்கிறது. தெருவில் அவர் இன்னும் பில் கலெக்டரே. தண்டல் பழஞ்சொல்தான் என்று எடுத்துரைத்தாலும் நம்புவார் இலர்!

இனி, வாரியம் இடம்பெயர்ந்த காலத்திற்கு வருவோம். மின்சார வாரியம் 1957இலும், வீட்டுவசதி வாரியம் 1961இலும், குடிநீர் வடிகால் வாரியம் 1971இலும் தோன்றின. இவற்றின் தேவையை மறுத்தற்கில்லை. ஊர்க்கிணறும் குளமும் பெருகிய மக்களுக்குப் போதாவாயின. 40, 50 கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் ஆற்றில் கிணறு இறக்கி, வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் நீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஒரு பேரூராட்சி தனித்து நிறைவேற்ற இயலாது. ஆகவே நீர் வாரியத்தினுடையது, மின்சாரமும் வாரியத்தினுடையது. ஊராட்சி மன்றம் இரண்டையும் விலைக்கு வாங்கித் தெருக்களுக்குப் பகிரும் நிலைக்கு வந்தது. தெருவிளக்கும் நீரேற்றும் மோட்டாரும் ஈட்டும் மின்கட்டணமே பல பேரூர்களின் வரவில் பெரும்பகுதியை விழுங்குகிறது.

அங்ஙனமாயின் ஊரின் கையில் எஞ்சியது யாது? பகிர்தல். இது சிறு செயல்போல் தோன்றும், அன்று.

நாம் குடியிருக்கும் பேரூரின் பெயர் ஈண்டு வேண்டா. அங்கு மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும், குழாய்ப் பணியாளர் நீண்ட இரும்புச் சாவியொன்றைத் தோளில் சார்த்திக்கொண்டு மிதிவண்டியில் வருவார். தெருமுனைக் குழிக்குள் இருக்கும் வால்வைத் திறப்பார். ஒவ்வொரு பகுதிக்கும் நாள் வேறு, நேரம் வேறு. தாழ்ந்த தெருவில் நீர் பாயும். மேட்டுத் தெருவில் கசியும். தெருவின் தொடக்கத்தில் உள்ளார் சிலர் குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சுவர். கடைசி வீட்டில் காற்று மட்டும் வரும். மோட்டார் வைத்திருப்பவர் யார் என்பது தெருவார் அனைவர்க்கும் தெரியும். வார்டு உறுப்பினருக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே அவரால் அவ்வீட்டின் வாயிலில் நின்று கேட்க முடியும். கேளாவிடின் கடைசி வீட்டார் அவர் வாயிலில் நின்று கேட்பர்.

இந்தக் கண்ணிதான் நம் நாட்டில் அடிக்கடி அறுபட்டுள்ளது. 1986இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 1991இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான். 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் கட்டாயம் என்றது. அதன்பின்னும் 2016 அக்டோபரில் மன்றங்கள் கலைந்தன; தேர்தல் அறிவிப்பை உயர்நீதிமன்றம் நீக்கியது; நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. அன்று 489 பேரூராட்சிகள் வாக்களித்தன. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே மன்றமாகவும் இருந்தனர். அவர்களுள் திறமையும் நேர்மையும் உடையோர் பலர். எனினும் வெளியூரிலிருந்து வரும் அலுவலர்க்கு மோட்டார் வைத்த வீடு எது என்று தெரியாது. தெரிவிக்கச் செல்பவர் மனு எழுதவேண்டும். மனுவில் அண்டைவீட்டார் பெயரை எழுத யாருக்குத்தான் மனம் வரும்?

மற்றொரு குறையும் உண்டு. சிற்றூர்க்குக் கிராம சபை உண்டு. அங்கு வரவு செலவு மக்கள் முன் படிக்கப்படவேண்டும். பேரூரார்க்கு அவ்வுரிமை இல்லை. ஊரைவிடச் சிறிது வளர்ந்ததற்கு இது தண்டனை போலும்! நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று கூட்டப்பெற்றது நற்றொடக்கமே. ஆயினும் மன்றத்தின் தீர்மானப் புத்தகம் இன்றும் பெரும்பாலும் பீரோவினுள்ளேயே உறங்குகிறது.

அதனை எழுப்ப 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணைசெய்கிறது. கட்டணம் 10 ரூபாய். தேர்தல் இல்லாத அக்காலத்தில், எம் தெருவின் கடைசி வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தெருமுனை வால்வுக்கு அவ்வாண்டில் செலவு ஏதும் செய்யப்பட்டதா என்று கேட்டு விண்ணப்பித்தார். ஒரு திங்களில் நகல் வந்தது. பழைய வால்வை நீக்கிப் புதியது பொருத்தியதாகவும் அதற்கான தொகை வழங்கப்பட்டதாகவும் அதில் கண்டிருந்தது. ஆசிரியர் எவரையும் குறைகூறவில்லை. நகலை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குச் சென்று, தெருவாரையும் குழாய்ப் பணியாளரையும் அழைத்து, குழியின் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே துருவேறிய பழைய வால்வே இருந்தது. அவர் அந்நகலை உரக்கப் படித்தார். சுற்றி நின்றோர் கேட்டனர். பதினைந்து நாளில் புதிய வால்வு வந்தது.