வெள்ளமும் நால்வகைத் தானமும்



பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் முதலாவது அநித்தியம், இரண்டாவது அசரணம். நிலையாமையையும் புகலின்மையையும் நாம் நாள்தோறும் சிந்திக்கிறோம். 2024ஆம் ஆண்டில் தென்பெண்ணையாறு அவ்விரண்டையும் கரையோர மக்களின் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது.

அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. புயல் போயிற்று என்று மக்கள் ஆறுதல் கொண்டனர். ஆயினும் மேற்கே ஊத்தங்கரையில் ஏறத்தாழ அதே அளவு மழை கொட்டியது. சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் ஆற்றில் விடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் பல நீரில் மூழ்கின. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின் மீதே வெள்ளம் ஓடியது.

இத்தகைய வேளையில், "எல்லாம் அவரவர் செய்த வினை" என்று கூறி ஒதுங்குவார் உண்டு. வினைக் கொள்கை நம் சமயத்தின் உயிர்நிலை, அதில் ஐயமில்லை. ஆனால் அது தன்னைத் திருத்திக்கொள்ள ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. வீடிழந்து நிற்பவனுக்குக் கூறும் விடையன்று. நற்காட்சியின் அடையாளங்களுள் அனுகம்பையும் ஒன்று. துன்புற்றாரைக் கண்டும் இரங்காத நெஞ்சம் புதிய தீவினையையே ஈட்டும். எனவே இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட நால்வகைத் தானத்தை வெள்ளக் காலத்தில் இயற்றும் முறையை அறிவோம்.

ஆகார தானம்: இரவில் உண்ணாமை நாம் ஏற்ற விரதம். பசித்து வந்தவரைத் திருப்பி அனுப்ப அது காரணமாகலாகாது. பகலிலேயே சமைத்துப் பொட்டலங்களாகக் கட்டி வைத்தால், விரதமும் கெடாது. எந்நேரம் வருவோர்க்கும் உணவு கிடைக்கும்.

ஔஷத தானம்: நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுதல் உயிரிரக்கம் கருதிய நம் முன்னோர் வழக்கம். எனினும் வெள்ளநீர் கலந்த கிணற்று நீரில் உள்ள நோய்க்கிருமிகளைத் துணி தடுக்காது. வடிகட்டியபின் கொதிக்க வைத்தே பருகுக. பிறர்க்கும் அதனையே வழங்குக. வெள்ளநீரில் நடந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

சாஸ்திர தானம்: நனைந்து அழிந்த பாடநூல்களுக்கு ஈடாக மாணவர்க்குப் புதியன வாங்கிக் கொடுத்தல் இதன்பாற்படும். அணை திறக்கப்படும் செய்தியைத் தாழ்வான தெருக்களில் வீடுவீடாகச் சென்று உணர்த்துவதும் அறிவுக்கொடையே. நம் ஊரில் மழை நின்றமை கொண்டு ஆறு அடங்கியதென எண்ணலாகாது என்பதே அவ்வெள்ளம் கற்பித்த பாடம்.

அபய தானம்: நான்கனுள் தலையாயது இது. மேட்டுநில வீடுகளும் மண்டபங்களும் சாதி, சமயம் பாராது திறக்கப்படல் வேண்டும். வாயற்ற உயிர்களையும் மறவற்க. மாடு நீந்த வல்லது. ஆனால் தறியில் கட்டியிருப்பின் நின்ற இடத்திலேயே மூழ்கி இறக்கும். ஆதலின் நீர் ஏறுமுன் கயிற்றை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுக. வீட்டினுள் புகுந்த பாம்பும் நம்மைப்போல் புகலிடம் தேடி வந்ததே. அதனை அடியாது, குழந்தைகளை அகற்றித் தீயணைப்புத் துறையினரை அழைத்துப் பிடித்துச் செல்லச் செய்க.

நமக்கு உண்மையான சரணம் அருகர், சித்தர், சாது, அறம் என்னும் நான்கே. அவற்றைப் போற்றும் நாம், நம் வாசலுக்கு வரும் உயிர்க்கு ஓரிரவேனும் சரணாவோமாக. அசரண பாவனை நம் நெஞ்சிற்கு. அபய தானம் பிறர்க்கு. இவ்வேறுபாட்டை இல்லந்தோறும் சிறார்க்கு உணர்த்துவோம்.

அறமே துணை.