பெறுபேற்றை எழுதுவதா, விடுவதா?



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் சான்றிதழ்கள்.

"ஐயா, புள்ள வேலைக்கு எழுதுது. பட்டம் முடிச்சிருக்குன்னு மட்டும் போட்டா போதாதா? சாதாரண சித்தின்னு போட்டா தூக்கி வீசிருவாங்கன்னு பயப்படுது" என்றார் அந்த அம்மா. மகள் ஒன்றும் பேசாமல் நின்றாள்.

இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் இந்தப் பாடத்தில் சுயவிபரக்கோவையில் பெறுபேற்றை எழுதுவது பற்றிப் பார்ப்போம்.

முதலில் தரங்களைத் தெரிந்துகொள்வோம்

பெற்றோரில் பலருடைய பழைய சாதாரண தரச் சான்றிதழில் டீ, சீ, எஸ், எஃப் என்று இருக்கும். இப்போது ஏ, பி, சி, எஸ், டபிள்யூ என்று வருகிறது. ஏ, பி, சி மூன்றும் திறமைச் சித்திக்குக் குறையாதவை. எஸ் என்பது சாதாரண சித்தி. டபிள்யூ என்றால் சித்தி இல்லை. விளம்பரத்தில் "கணிதத்தில் திறமைச் சித்தி" என்று கேட்டிருந்தால் எஸ் போதாது, சி அல்லது அதற்கு மேல் வேண்டும்.

பட்டத்தில் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு என்று இருக்கின்றன. வகுப்பு கிடைக்காதவர்களுக்குச் சாதாரண சித்தி. அதுவும் முழுப் பட்டம்தான். அந்தப் பிள்ளையும் பட்டதாரிதான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

எப்போது கட்டாயம் எழுத வேண்டும்?

விளம்பரத்தில் கேட்டிருந்தால் எழுதியே ஆக வேண்டும். அரசாங்க வேலைகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியில் விபரம் இருக்கும். எத்தனை பாடம், எத்தனை தடவையில், எந்தப் பாடத்துக்குத் திறமைச் சித்தி என்று அங்கே எழுதியிருப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் ஆண்டு, சுட்டெண், பாடம், தரம் என்று கட்டங்கள் இருந்தால் ஒன்றையும் வெறுமனே விடக் கூடாது. இரண்டு தடவை எழுதிச் சித்தியடைந்திருந்தால் இரண்டு ஆண்டையும் இரண்டு சுட்டெண்ணையும் போடுங்கள். இரண்டாம் தடவை எழுதியது வெட்கப்படுகிற காரியம் இல்லை.

பெறுபேறு நன்றாக இருந்தால், கேட்காவிட்டாலும் எழுதுங்கள். நம் பிள்ளைகளில் சிலர் "பெருமை அடிக்கிற மாதிரி இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் கொழும்பில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? வகுப்புச் சித்தி இருந்தால் பட்டத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

எப்போது விடலாம்?

தனியார் கம்பனிக்கு நீங்களாகவே தயாரிக்கும் சுயவிபரக்கோவையில், கேட்கப்படாத குறைந்த தரத்தைப் போடாமல் விடலாம். பட்டத்தின் பெயர், பல்கலைக்கழகம், முடித்த ஆண்டு போதும். இது பொய் அல்ல. ஆனால் பார்க்கிறவர் "வகுப்பு இருந்தால் போட்டிருப்பாரே" என்று நினைக்கலாம். நேர்முகப் பரீட்சையில் கேட்பார்கள். அப்போது தடுமாறாமல் "சாதாரண சித்தி, சேர்" என்று நேராகச் சொல்லத் தயாராக இருந்தால் மட்டும் விடுங்கள்.

விட்ட இடத்தில் வேறு ஏதாவது இருக்கவும் வேண்டும். சிங்களம் பேசுவது, கணினிப் பயிற்சி, லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடத்தியது, விடுமுறையில் கடையில் கணக்கு எழுதியது, இவை எல்லாம் வேலை கொடுப்பவருக்குப் பயன்படும் விசயங்கள். அந்தப் பிள்ளையிடம் விசாரித்தபோது, மூன்று வருசமும் விடுமுறைக்கு வந்து அம்மாவுக்குச் சுகமில்லாத நாட்களில் கொழுந்து பறித்திருக்கிறாள், சங்கத்துக் கணக்கும் எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரிகூட அவளுடைய சுயவிபரக்கோவையில் இல்லை!

எப்போதும் செய்யக் கூடாதது

தரத்தைக் கூட்டி எழுதக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி ஆங்கிலத்துக்கு எஸ் எடுத்துவிட்டு சி என்று எழுதினார். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள், நன்றாகப் பேசினார். கடைசியில் மூலச் சான்றிதழைக் கேட்டார்கள். அதோடு முடிந்தது. அந்தக் கம்பனியில் எஸ் உள்ளவர்களுக்கும் வேறொரு வேலை இருந்தது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பொய் சொன்னவரை அதற்கும் எடுக்கவில்லை. ஒரு எழுத்தை மாற்றப்போய் இரண்டு வேலையும் போனது.

"யார் பார்க்கப் போறாங்க" என்று நினைக்காதீர்கள். வேலை கிடைத்த பிறகும் பரீட்சைத் திணைக்களத்திலும் பல்கலைக்கழகத்திலும் கேட்டு உறுதிப்படுத்துவார்கள். பொய் தெரிந்தால் சேர்ந்த வேலையும் போகும்.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொன்னது

அவள் எழுதப்போன விளம்பரத்தை எடுத்து வாசித்தோம். "பட்டதாரியாக இருத்தல் வேண்டும்" என்று மட்டும் இருந்தது. வகுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாசிக்காமலே பயந்திருக்கிறாள். கடைசியில் தரத்தை எழுதுவது என்று அவளே முடிவெடுத்தாள். "கேட்டா சொல்லத்தானே போறேன், எழுதியே வச்சிர்றேன்" என்றாள். சங்கத்துக் கணக்கு எழுதியதையும் சேர்த்துக்கொண்டாள். வேலை கிடைக்குமா என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கேள்வி வந்தாலும் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எடுத்த தரத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். வீட்டில் வெட்கப்பட்ட பிள்ளைதான் விண்ணப்பத்திலும் மறைக்கப் பார்க்கும்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. வேலை விளம்பரம் ஒன்றை எடுத்து, என்ன தகைமை கேட்டிருக்கிறார்கள் என்று கோடிடுங்கள்.
2. சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, அதில் உள்ளபடியே பெறுபேற்றை எழுதுங்கள். ஞாபகத்தில் எழுத வேண்டாம்.
3. சான்றிதழில் இல்லாத, உங்களுக்குத் தெரிந்த மூன்று வேலைகளை எழுதுங்கள்.
4. "உங்கள் பெறுபேறு என்ன?" என்று அப்பாவையோ அக்காவையோ கேட்கச் சொல்லி, சத்தமாகப் பதில் சொல்லிப் பழகுங்கள்.

எழுதியதை அனுப்புவதற்கு முன் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொண்டு வந்து காட்டுங்கள். பிரதியை மட்டும் அனுப்புங்கள், மூலச் சான்றிதழ் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.