ஓதமும் காலதரும்

'ஓதம்' என்னும் தமிழ்ச்சொல் கடலலையையும் குறிக்கும். சுவரில் ஏறும் ஈரத்தையும் குறிக்கும். பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் அருகோடும் கொருக்குப்பேட்டையில், ஐப்பசி தொடங்கி வீட்டு மூலைகளில் பூஞ்சணம் படர்வது ஆண்டுதோறும் காணும் காட்சியாகும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னையின் தாழ்நிலங்களை வெள்ளம் சூழ்ந்ததை அனைவரும் அறிவர்.

வண்ணம் பூசி மறைப்பதே பலர் கையாளும் முறை. அது தீர்வன்று. ஈரம் வந்த வழியை முதலில் அறிதல் வேண்டும். தரையிலிருந்து செங்கல் வழியே ஏறும் ஓதம் பெரும்பாலும் சுவரின் அடிப்பகுதியில் வெண்ணிறமாக உப்புப் பூக்கும். அதன்மேல் ஒரு துளி நீர் விட்டால் உப்புக் கரையும்; பூஞ்சணம் கரையாது.

கூரையோரத்திலும் அலமாரிக்குப் பின்னும் தோன்றும் கரும்புள்ளிகள் பெரும்பாலும் நாமே உண்டாக்கும் நீராவியின் விளைவு. கொதிக்கும் உலையும் உள்ளே உலர்த்தும் துணியும் யாவரும் அறிந்தவை. எரிவாயுச் சுடரே நீராவியைப் பிறப்பிக்கிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்கையில் 20 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் ஆவியாக வெளிப்படுகிறது! ஒரு கனமீட்டர் காற்று 30 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமே தாங்கும். குளிர்ந்த சுவரைத் தொடும் காற்று மிகுதியை அங்கேயே விட்டுவிடுகிறது.

இது அழகைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. ஈரமும் பூஞ்சணமும் மிக்க வீடுகளில் ஆஸ்துமாவும் இருமலும் மிகுதி என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் எடுத்துரைத்துள்ளது.

பண்டைத் தமிழர் சன்னலைக் 'காலதர்' என்றனர். கால் காற்று, அதர் வழி. வழியெனில் புகுவாயிலும் போக்கிடமும் வேண்டுமன்றோ? ஒற்றைச் சன்னல் அறைக்கு எதிர்ச்சுவரிலோ கதவின் மேலோ ஒரு திறப்பு இன்றியமையாதது. வாடகைக்கு இருப்போர் சுவரைத் துளைக்க இயலாது. வண்ணத்துக்கு ஆண்டுதோறும் செலவிடும் வீட்டுரிமையாளர்களே இதனைச் செய்தல் தகும். மழை பெய்யும்போது திறந்து வைப்பதால் பயன் குறைவு. வெயில் ஏறிய நண்பகலில் இருபுறமும் திறப்பதே நன்று. சமைக்கையில் அடுக்களையின் உட்கதவைச் சாத்திச் சன்னலைத் திறக்க வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்கலாம்.

படர்ந்த பூஞ்சணத்தை, மூக்கை மூடிக்கொண்டு, சோப்பு நீரால் துடைத்துச் சுவரை உலர்த்துக. ப்ளீச்சிங் பவுடருடன் ஆசிட் கலத்தல் கூடாது. நச்சுக் குளோரின் வாயு எழும். தொழுகை விரிப்புகளை ஈரத்தோடு சுருட்டி வைக்கலாகாது. வீட்டு மாடங்களில் உள்ள பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகளை மட்டும் கடும் வெயிலில் இடாது, நிழலில் காற்றாட விரித்து, நன்கு உலர்ந்தபின் வெளியில் வைத்து மென்தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும்.