குடல் எரிச்சல் நோயும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும்

பிறர் கண்ணுக்குப் புலப்படாத நோய்கள் சில உள. அவற்றுள் ஒன்று குடல் எரிச்சல் நோய். வயிற்றுவலி, பொருமல், அடிக்கடி பேதி அல்லது மலச்சிக்கல் என்பன இதன் குறிகள். கருவி செலுத்திக் குடலை ஆராயினும் புண்ணோ கட்டியோ தென்படுவதில்லை. ஆதலின், நோயுற்றார் படுந் துன்பத்தை வெறும் மனப்பிரமை என உற்றாரும் தள்ளிவிடுவதுண்டு. உயிரைப் போக்காதெனினும், உணவையும் வேலையையும் பயணத்தையும் கெடுப்பது இந்நோய். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் இதனைத் தணித்தல் கூடுமோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் குடலில் எண்ணிறந்த பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலன பெருங்குடலில் தங்கி, செரியாது எஞ்சிய உணவைப் புளிக்கச்செய்து வாயுக்களை உண்டாக்குகின்றன. கிருமி கலந்த உணவால் நேர்ந்த வயிற்றுப்போக்கு நீங்கிய பின்னரும், சிலர்க்கு இந்நோய் தொடங்குவதை மருத்துவர் கண்டனர். ஆகவே, நோயாளர் சிலரிடத்து இப்பாக்டீரியாக்களின் நிலை பிறழ்ந்திருத்தல் கூடும் என்னுங் கருத்து எழுந்தது. அக்கருத்தின் வழி வந்ததே ரிஃபாக்சிமின் சிகிச்சை. இத்தாலி நாட்டில் தோன்றிய இம்மருந்து, பாக்டீரியாவினுள் ஆர்.என்.ஏ. உண்டாவதைத் தடுக்கின்றது. இரத்தத்தில் மிகச் சிறிதே கலந்து, பெரும்பகுதியும் குடலிலேயே நிற்பது இதன் சிறப்பு.

இதன் பயன் எவ்வளவு? 2011-ஆம் ஆண்டில் வெளியான இரு பெரும் ஆய்வுகளில், மலச்சிக்கலில்லாத நோயாளர் 1,260 பேர் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூறார்க்கு 550 மில்லிகிராம் ரிஃபாக்சிமின் நாளொன்றுக்கு மும்முறையாக 14 நாட்கள் அளிக்கப்பட்டது. மற்றையோர்க்கு அதனையொத்த மருந்தில்லா மாத்திரை. சிகிச்சை முடிந்தபின் முதல் நான்கு வாரங்களுள் இரு வாரமேனும் போதிய தணிவு பெற்றோர், மருந்துண்டாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 41. மற்றையோருள் ஏறத்தாழ 32.

இவ்வெண்களை நாம் ஊன்றி நோக்கவேண்டும். மருந்தின் பயனென நாம் கொள்ளத்தக்கது நூற்றுக்கு ஒன்பது பேர் அளவே. மருந்துண்டாருட் பாதிக்கு மேற்பட்டோர் அத்தணிவைப் பெறவில்லை. பெற்றார் பலர்க்கும் நாளடைவில் நோய் மீளுகின்றது. எனினும் ஒன்பது என்பது சூனியமன்று. ஆகலின் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பேதியோடு கூடிய இந்நோய்க்கு இதனை 2015-இல் அனுமதித்தது. நோய் மீண்டால் இருமுறை வரை திரும்ப அளிக்கவும் இடந்தந்தது.

இதுகொண்டு, வயிறு கெட்டபோதெல்லாம் கடையில் ஏதேனுமொரு நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கி உண்ணலாமெனக் கருதுதல் தவறு. அவற்றுட் பல நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் அழிக்கும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் வழிசெய்யும். மலத்தில் இரத்தம், உடல் மெலிவு, காய்ச்சல், இரத்தசோகை ஆகியன இருப்பின், அவை வேறு நோயின் குறிகளாகலாம். காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைதல் வேண்டும். கண்ணுக்குத் தோன்றாமையால் நோயை இல்லையென்றலும், மருந்தொன்று கிடைத்தமையால் நோய் ஒழிந்ததென்றலும் ஒருங்கே பிழையாம். நோயாளர்க்கு நாம் கடமைப்பட்டன இரண்டு: அவர் சொல்லை நம்புதல், மருந்தின் அளவை மெய்யாக உரைத்தல்.