கண் துளிக்கும் முட்டு வருத்தத்துக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: அப்பா மட்டக்களப்பு வாவியில் இரவில் வலை போடுபவர். கண் அமுக்கம் கூடிவிட்டதென்று கிளினிக்கில் டிமோலோல் துளி கொடுத்தார்கள். ‘முட்டு இருக்கா?’ என்று இரண்டு தரம் கேட்டார்களாம். அப்பா ‘இல்லை’ என்றுவிட்டார். ஆனால் மாரியில் அவருக்கு இழுக்கும். கண்ணில் விடும் துளி நெஞ்சை என்ன செய்யும்? கண் சிவந்தால் பாமசியில் வாங்கி விடும் டெக்ஸாமெதசோன் துளியையும் தொடக்கூடாது என்கிறார்கள். ஏன், டொக்டர்?
— வாசகி, கல்லடி

பதில்: மகள், அப்பாவுக்கு மாரியில் இழுக்கும் என்பதை அடுத்த துளி விடுவதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். விளக்கத்தை அதன்பிறகு படிக்கலாம்.

கண்மணியைச் சுற்றிய வளையத்துக்குப் பின்னால் உள்ள கலங்கள் இடைவிடாமல் கண்ணுக்குள் நீர் சுரக்கின்றன. அவற்றின் சுவரில் சோடியம்-பொட்டாசியம் பம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயன்களை உள்ளே எடுக்கும். உப்புப் போகும் பக்கம் நீரும் போகும். பகலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.5 மைக்ரோலீற்றர், அதாவது ஒரு மில்லிலீற்றரில் நானூறில் ஒரு பங்கு. இந்த நீர்தான் வில்லைக்கும் விழிவெண்படலத்துக்கும் உணவு கொடுக்கிறது. சுரப்பது வடியாமல் தேங்கினால் அமுக்கம் ஏறிப் பார்வை நரம்பு நசியும். பெரும்பாலும் நோவே இருக்காது, போன பார்வையும் திரும்பாது. குளுக்கோமா என்ற இந்த நோயை நான் அஞ்சுவது இதனால்தான்.

இந்தப் பம்பியை 1957இல் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கவ். அவர் ஆராய்ந்தது நண்டுக் கால் நரம்பை. 1997இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வாவி நண்டோடு வாழும் உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள், மகிழ்வார்.

கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் கூட்டிக் குறைப்பவை ஓமோன்கள். அட்ரினலின் அந்தக் கலங்களின் பீட்டா ஏற்பிகளைத் தொட்டால் உள்ளே சைக்கிளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு கூடும்; சுரப்பு ஊக்கமாக நடக்கும். உறக்கத்தில் அட்ரினலின் இறங்க, சுரப்பும் ஏறக்குறையப் பாதியாகும். டிமோலோல் அந்த ஏற்பியில் அமர்ந்து அட்ரினலினுக்கு இடம் விடாது. நீர் குறையும், அமுக்கம் இறங்கும்.

ஆனால் பீட்டா ஏற்பி மூச்சுக்குழாயிலும் உண்டு. அங்கே அட்ரினலின் குழாயை விரித்து வைக்கிறது. துளியில் ஒரு பங்கு கண்ணோரத் துவாரம் வழியாக மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலக்கும். முட்டு உள்ளவருக்கு அது குழாயை இறுக்கிவிடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதயத் துடிப்பையும் அது மெதுவாக்கும். உங்கள் அப்பாவுக்கு லட்டனோபிரொஸ்ட் போன்ற வேறு துளி கொடுக்க முடியும். அது சுரப்பைத் தொடாமல், நீர் வடிவதைக் கூட்டும்.

டெக்ஸாமெதசோன் கோட்டிசோல் என்ற நம் உடலின் ஓமோனுக்கு உறவு. பாலமீன்மடு முகத்துவாரத்தால் கடல்நீர் ஏறி வாவி உவர்க்கும்போது, திலாப்பியாவின் செவுளில் இதே பம்பிகளைப் பெருக்கி உப்பை வெளியேற்ற உதவுவது கோட்டிசோல். நன்னீர் பெருகினால் உப்பைக் காப்பது புரோலாக்டின் என்ற இன்னொரு ஓமோன். கண்ணில் ஸ்டீரொயிட் துளி கெடுதல் செய்யும் வழி வேறு: நீர் வடியும் சல்லடைத் திசுவை அது அடைத்துவிடும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் குளுக்கோமா உள்ளவருக்கு வாய்ப்பு மிக அதிகம். சீட்டு இல்லாமல் அதை வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். எத்தனை மாதம் விட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எந்தத் துளியானாலும், விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தினால் இரத்தத்தில் கலப்பது குறையும். உறக்கத்தில் சுரப்பு குறையும்; அப்பாவோ இரவில் விழித்துப் பகலில் உறங்குபவர் என்பதால் துளி விடும் நேரத்தைக் கிளினிக் டொக்டர் அவருடைய தொழிலைக் கேட்டறிந்து முடிவு செய்யட்டும்.