இருளில் நகரும் விளக்கு



கேமராவின் ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடும் கதவை, பல நொடிகள் திறந்தே வைத்து, இருட்டில் அசையும் விளக்கின் தடத்தைப் படமாக்கும் கலையே ஒளி ஓவியம். தீபாவளி இரவில் கம்பி மத்தாப்பால் காற்றில் எழுதும் பெயர் கண்ணுக்கு அக்கணமே மறைந்துவிட, திறந்திருக்கும் ஷட்டரோ அதை முழுதாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. 1949-இல் தென் பிரான்சின் வல்லோரிஸ் ஊரில், ஓவியர் பிக்காசோ சிறு கைவிளக்கால் காற்றில் பாதி மனிதனும் பாதி குதிரையுமான சென்டார் உருவை வரைய, புகைப்படக் கலைஞர் ஜான் மிலி அதை இவ்வாறே படமெடுத்தார். கோடுகள் திறந்த ஷட்டரில் பதிந்தன, ஓவியரின் உருவமோ இடையே மின்னிய ஃபிளாஷால் பதிந்தது.

கோடு மங்கலாகத் தெரிந்தால் ஷட்டர் நேரத்தைக் கூட்டுவதே புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. நகரும் விளக்கு ஒவ்வொரு புள்ளியையும் நொடியின் சிறு பகுதியில் கடந்துவிடுவதால், ஷட்டர் 10 நொடி திறந்திருந்தாலும் 30 நொடி திறந்திருந்தாலும் அப்புள்ளிக்குக் கிடைக்கும் விளக்கொளி மாறுவதில்லை. கூடுவதெல்லாம் தெருவிளக்கும் வானமும் தரும் பின்னணி வெளிச்சமே. கோட்டின் பொலிவைத் தீர்மானிப்பவை விளக்கின் வலிமை, லென்ஸின் துளையான அப்பர்ச்சர், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ, கையின் வேகம் ஆகியவையே. ஆகவே ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8, ஷட்டர் நேரம் 20 நொடி என்று வைத்து, விளக்கின்றி ஒரு படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. அதில் பின்னணி வெளிறினால் நேரத்தைக் குறைக்கவேண்டும், பிறகு விளக்கால் எழுதும்போது கோடு மெலிந்தால் கையை மெதுவாக நகர்த்தவேண்டும். ‘அ’ எழுதும்போது சுழியில் கை சற்றே தயங்கினாலும் அவ்விடம் மட்டும் வெளுத்துத் தடித்துவிடும். கேமராவைப் பார்த்து நின்று எழுதினால் எழுத்து இடவலம் மாறி விழும் என்பதால், படத்தைப் பிறகு கணினியில் திருப்பிக்கொள்ளலாம்.

முக்காலியும், 2 நொடி டைமரும், எழுதுபவருக்குக் கருநிற உடையும் இன்றியமையாதவை. இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறுமாதலால், எழுதுமிடத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்தபின் மேனுவலுக்கு மாற்றிவிடவேண்டும்.

டார்ச்சை லென்ஸை நோக்கிக் காட்டாமல் ஒரு பொருளின்மேல் தடவிச் செல்வது மற்றொரு முறை. கற்றூணுக்கு நேர் எதிரிலிருந்து ஒளி பாய்ச்சினால் அது தட்டையாகவே தெரியும். பக்கத்திலிருந்து சரிவாகத் தடவும்போதோ உளி பட்ட ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும்.