உதவ வருகிறார்களா, கற்க வருகிறார்களா?

வளர்ச்சிப் பணிகளிலும் சுற்றுச்சூழல் பணிகளிலும் பயிற்சி பெற ஐரோப்பாவிலிருந்து வெளிநாடு செல்லும் இளைஞர்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் ஊர்த் தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வரும் பிள்ளைகள். இவர்களால் நமக்கு என்ன ஆகப்போகிறது? இதற்குப் போய் ஓர் அரசாங்கம் ஏன் செலவழிக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கும் விடை இருக்கிறது. உங்கள் ஊருக்கு வருகிறவர்கள் அநேகமாக ‘வெல்ட்வெர்ட்ஸ்’ திட்டத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். ஜெர்மனியின் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைச்சகம் 2008இல் தொடங்கிய திட்டம் அது. 18 முதல் 28 வயது வரையுள்ளவர்கள் சேரலாம். பெரும்பாலோர் ஓராண்டு தங்குகிறார்கள். செலவில் 75 விழுக்காடு வரை அரசு கொடுக்கிறது. தன் பிள்ளைகள் உலகம் தெரிந்து வளரட்டும் என்பதற்காகவே கொடுக்கிறது. அதனால்தான் இதை ஒரு கற்றல் சேவை என்று அந்தத் திட்டமே சொல்லிக்கொள்கிறது.

முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் 1920இல் சுவிஸ் பொறியாளர் பியர் செரசோல், வெர்டன் போர்க்களத்துக்கு அருகே இடிந்து கிடந்த ஒரு கிராமத்தைச் சீரமைக்கப் பல நாட்டவரைக் கூட்டினார். நேற்றுவரை எதிரிகளாக இருந்த ஜெர்மானியர்களும் வந்து மண் சுமந்தார்கள். 1934இல் பீகாரில் நிலநடுக்கம் வந்தபோது அதே செரசோல் சில தோழர்களோடு இந்தியா வந்து, ஊர்களைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார். அவர்கள் வேலைக்கென்றே வந்தவர்கள். பிரிட்டனில் 1958இல் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பு முதலில் 18 வயதுப் பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. பிறகு பட்டதாரிகள், தொழில் தெரிந்தவர்கள் என்று மாறிக்கொண்டது. கைத்தொழில் எதுவும் தெரியாத பிள்ளையால் வளர்ச்சி வந்துவிடாது என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளைகளை மாணவர்களாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்ற ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால், அந்த ஓராண்டு யாருக்கும் வீணாகாது.

கேள்வி: என்ட மகள் ஆபிடூர் (பள்ளி இறுதித் தேர்வு) முடிச்சிட்டாள். வெளிநாட்டுக்குப் போய் வேலை செய்யப் போறன் எண்டு நிக்கிறாள். ஒரு கொம்பனி கம்போடியாவில அநாதைப் பிள்ளையளோட ஆறு கிழமை வேலை எண்டு 2,000 யூரோ கேக்குது. இன்னொரு இடம் தான்சானியாவில ஒரு வருசம்; காசு கேக்கேல்லை, ஆனா தெரிவு, செமினார் எண்டு இழுத்தடிக்கினம். எதுக்கு விடுறது?
— ஒரு தாய், ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

பதில்: அம்மா, இழுத்தடிக்கிற இடத்துக்கே அனுப்புங்கள்.

கம்போடியாவில் அநாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டார் காசு கட்டி வரத் தொடங்கியதும் இல்லங்கள் பெருகின. அவற்றை நிரப்பப் பிள்ளைகள் வேண்டும் அல்லவா? படிப்பு, சாப்பாடு என்று சொல்லி ஏழை வீடுகளிலிருந்து கூட்டிவருகிறார்கள். ஆறு கிழமைக்கு ஒருதரம் புது அக்கா ஒருத்தி வந்து கொஞ்சிவிட்டுப் போய்விடுகிறாள். ஒட்டிக்கொள்வதும் பிரிவதுமாகவே அந்தக் குழந்தை வளர்கிறது. இல்லத்தில் பிள்ளை சேர்ப்பதை ஒருவகை ஆட்கடத்தல் என்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் பேசுகிற அளவுக்கு இந்த வியாபாரம் முற்றிவிட்டது. உங்கள் மகளின் மனம் நல்லதுதான். அதை விலைபேசுகிறவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

மற்ற இடம் இழுத்தடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது அநேகமாக வெல்ட்வெர்ட்ஸ் இடமாக இருக்கும்; அதில் ஓராண்டு போகிறவர் 25 நாள் செமினாரில் இருந்தாக வேண்டும்: போகுமுன், அங்கே இருக்கும்போது, திரும்பிய பிறகு. காப்புறுதி, தங்குமிடம், கைச்செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆதரவாளர்களிடம் நன்கொடை திரட்டச் சொல்வார்கள், அது வழக்கம்தான்.

இருந்தாலும் மகளை மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள். முதலாவது, தான் போகாவிட்டால் அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்ய உள்ளூரில் ஆள் உண்டா? உண்டென்றால் அந்த வேலை வேண்டாம். இரண்டாவது, பிள்ளைகளோடு வேலை என்றால் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்களா? கேட்காத இடத்தில் கால் வைக்கக் கூடாது. மூன்றாவது, ஜெர்மனியில் செய்ய அனுமதியில்லாத எதையாவது அங்கே செய்யச் சொல்கிறார்களா? ஊசி போடுவதும் காயத்துக்குத் தையல் போடுவதும் படிக்காத கைக்கு எந்த ஊரிலும் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் ஒரு பிரெஞ்சுப் பெண் தங்கியிருக்கிறாள், வயது 22. மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு வேலை என்று வந்தாள். இரண்டு மாதமாக அலுவலகத்தில் சும்மா உட்கார வைத்திருக்கிறார்களாம். ‘இங்கே என்னால் ஒரு பயனும் இல்லை ஆன்ட்டி’ என்று அழுகிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?
— இல்லத்தரசி, மதுரை

பதில்: அழட்டும், அது நல்ல அறிகுறி. இப்படி வருகிறவர்களில் பலருக்கும் முதல் மூன்று மாதம் இப்படித்தான் கழிகிறது. வயிறு ஒத்துக்கொள்ளாது, மொழி புரியாது, வெயில் தாங்காது. இவை எல்லாவற்றையும்விட, தன்னால் எதையும் மாற்ற முடியவில்லை என்பது அவர்களுக்குப் பெரிய அடி. பள்ளியில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள், இங்கே கடன் தவணைக் கணக்கைத் தமிழில் படிக்கத் தெரியாமல் நிற்கிறாள். பத்தாம் வகுப்போடு நின்ற குழுத் தலைவி அதை மனக்கணக்காகச் சொல்லிவிடுகிறாள். யார் யாருக்கு உதவ வந்தது என்பது அப்போதுதான் உறைக்கும்.

தேற்றுவதைவிட ஒரு வேலை கொடுங்கள். சந்தைக்குக் கூட்டிப்போங்கள், தமிழில் பேரம் பேசச் சொல்லுங்கள், குழுக் கூட்டம் நடக்கும் நாளில் உடன் போய் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். பேச்சு பிடிபட்டதும் அலுவலகத்திலும் வேலை தானாக வரும்.

அந்த நிறுவனத்தாரிடமும் ஒன்று சொல்லுங்கள். ஆளை ஏற்றுக்கொள்வது இலவசம் இல்லை. அவளுக்குக் கற்றுத்தரும் ஊழியரின் நேரம் அதன் விலை. யார் கற்றுத்தருவார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று எழுதி வைக்காமல் ஆள் ஏற்கக் கூடாது. சுற்றுலா விசாவில் வருகிறவரை வேலையில் உட்கார வைக்கவும் கூடாது. பிரச்சினை வந்தால் இரு தரப்பும் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: கோஸ்டா ரிக்காவில் ஆமை காக்கவும் ஆரோவில்லில் மரம் நடவும் ஐரோப்பியர்கள் போகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் செய்ய மாட்டார்களா? சூழலைக் காக்க விமானத்தில் பறப்பது முரண் இல்லையா?
— விலங்கியல் மாணவர், நாகப்பட்டினம்

பதில்: உள்ளூர்க்காரர்கள் செய்கிறார்கள். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்களே இரவில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள்.

கோஸ்டா ரிக்காவின் டோர்டுகேரோ கரையில் பச்சை ஆமைகளைக் கணக்கெடுக்கும் வேலை 1950களில் அமெரிக்க விலங்கியலாளர் ஆர்ச்சி கார் முயற்சியில் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. தடம் எண்ணுவது, ஓட்டை அளப்பது, அடையாளத் தகடு பொருத்துவது என்று இரவெல்லாம் நடக்க நிறைய ஆள் வேண்டும். சில நாள் பயிற்சி போதும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வளர்ந்து முட்டையிட வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் ஒருவர் எடுத்த கணக்கை அடுத்தவர் அதே முறையில் தொடர வேண்டும். அந்த முறை எழுதப்பட்டிருக்கும் இடத்தில் இரண்டு மாதப் பயிற்சியாளரும் பயன்படுவார்.

ஆரோவில் வேறு கதை. 1968இல் அது தொடங்கியபோது அங்கே மழைநீர் அரித்த செம்மண் மேடுதான் இருந்தது. மரம் நடுமுன் வரப்பு போட்டு நீரைத் தேக்க வேண்டியிருந்தது. சுற்றுக் கிராமத்து மக்களும் மண் வெட்டினார்கள். முதலில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியா. அதன் நிழலில் வீரை, பாலை, காசான் போன்ற நம் மரங்கள். எந்த மரம் இந்த மண்ணுக்குரியது என்பதை எங்கே பார்த்தார்கள்? கோயில் காடுகளில். ஊரார் சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்டுவைத்ததே நாற்றங்காலுக்கு விதையானது. அங்கே 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் என்ற காடு வளர்ப்பு முயற்சியில் இன்று மண்வெட்டி பிடிக்கும் ஐரோப்பிய இளைஞர் அந்த அறிவுக்குக் கடன்பட்டவர்.

விமானப் புகை உண்மைதான். ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கு வந்து திரும்ப ஒருவர் கணக்கில் ஒரு டன்னுக்குக் குறையாமல் கரியமில வாயு சேரும். இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரியே சுமார் 2 டன்தான். இரண்டு வாரத்துக்காகப் பறந்து வந்து பத்துக் கன்று நடுவதில் அர்த்தமில்லை. ஓராண்டு தங்கிக் கற்று, தன் ஊரில் அதைத் தொடர்ந்தால் நியாயம் உண்டு.

கேள்வி: அவர்கள் இங்கே வருகிறார்கள். நாங்கள் அங்கே போக முடியாதா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: முடியும். வெல்ட்வெர்ட்ஸிலேயே 2013இல் எதிர்த்திசை வழியும் திறந்தார்கள். இந்தியா உள்ளிட்ட நாடுகளின் இளைஞர்கள் ஜெர்மனியில் முதியோர் இல்லம், மழலையர் பள்ளி, இயற்கைப் பண்ணை போன்ற இடங்களில் வேலை பார்க்கலாம். தங்குமிடமும் கைச்செலவும் உண்டு. ஆனால் அங்கிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கிளம்புகிறார்கள்; அங்கே போகிறவர்கள் சில நூறு பேர்தான். விசாவும் மொழியும் நமக்குத்தான் தடையாக இருக்கின்றன.

இன்றே ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். நேரடியாக விண்ணப்பிப்பதைவிட, ஜெர்மன் இளைஞர்களை ஏற்கும் நம்மூர் நிறுவனம் வழியாகப் போவதே நடைமுறை. உங்கள் மாவட்டத்தில் அப்படி எது என்று விசாரித்து நேரில் போய்க் கேளுங்கள்: ‘வருகிறவர்களை ஏற்கிறீர்களே, இங்கிருந்து ஆள் அனுப்புகிறீர்களா?’ இல்லை என்றால், ஏன் இல்லை என்று அவர்களின் ஜெர்மன் கூட்டாளிக்கு எழுதச் சொல்லுங்கள்.